பூட்டின பீரோவும் மூணாங்கிளாஸ் பிள்ளைங்களும்: காசிமேடு பக்கத்துல ஒரு வாசிப்பு முயற்சி, முழு நிகழ்வு ஆய்வு

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கும் தண்டையார்பேட்டைக்கும் நடுவுல இருக்குற ஒரு தொடக்கப் பள்ளியில, 2023 ஜூன்ல ஆரம்பிச்சு அடுத்த ஜூன் வரைக்கும் மூணாம் வகுப்பு பிள்ளைங்களோட நடந்த வாசிப்பு வேலைய பத்தி எழுதுறேன். நான் அந்த ஏரியாக்காரி, 2021 அக்டோபர்ல அரசாங்கம் ஆரம்பிச்ச இல்லம் தேடிக் கல்வியில தன்னார்வலரா சேந்து சாயங்காலத்துல பிள்ளைங்கள உக்கார வெச்சு சொல்லிக்குடுத்துட்டு இருந்தவ, அதுல பழக்கமான மூணாங்கிளாஸ் டீச்சர் “காலையில கொஞ்ச நேரம் வந்து கிளாஸ்ல கூட இரேம்மா”ன்னு கேட்டாங்க, அப்படித்தான் உள்ள போனேன். பள்ளி பேரு, பிள்ளைங்க பேரு எதையும் எழுதல, சின்னப் பிள்ளைங்க, அவங்க கதை அவங்களோடது. ஆனா இத எழுதியே ஆகணும்னு தோணுச்சு, ஏன்னா இப்பல்லாம் யாரக் கேட்டாலும் பிள்ளைங்களுக்கு வாசிப்புல ஆர்வமே இல்ல, செல்போன் கெடுத்துடுச்சுன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுறாங்க. நான் அங்க பாத்தது வேற. புத்தகம் இருந்துச்சு, ஆசையும் இருந்துச்சு, நடுவுல ஒரு பூட்டு தொங்கிட்டு இருந்துச்சு, அந்தப் பூட்டுக்குப் பின்னால பயம் இருந்துச்சு, டீச்சருக்கு ஒரு பயம், பிள்ளைங்களுக்கு ஒரு பயம்.

பிள்ளைங்க வீட்ட பத்தி கொஞ்சம் சொல்லிடுறேன், அது தெரியாம மத்தது புரியாது. பாதி வீட்டுல அப்பா கடலுக்குப் போறவரு, போட்டு (மீன்பிடிப் படகு) ஏறினா திரும்பி வர எத்தனை நாள்னு சொல்ல முடியாது. அம்மா விடியறதுக்கு முன்னாடியே மீன் ஏலத்துக்குப் போய் கூடை எடுத்துட்டு தெருத்தெருவா வித்துட்டு வருவாங்க. மத்த வீட்டுல ஹார்பர் கன்டெய்னர் லாரி, ஐஸ் கம்பெனி, எம்.சி. ரோடு துணிக்கடை வேலை. சில வீட்டுல தெலுங்கு பேசுவாங்க, ரெண்டு மூணு பிள்ளைங்க பீகார்ல இருந்து வந்தவங்க, வீட்டுல இந்தி. ஒரே ரூம், அதுல தான் டிவி, அடுப்பு, தூக்கம் எல்லாம். சாயங்காலம் பிள்ளைய பாத்துக்கறது ஆயா (பாட்டி) தான். “வீட்டுல பெத்தவங்க தினமும் வாசிச்சுக் காட்டுங்க”ன்னு அறிவுரை சொல்றது ரொம்ப சுலபம், இந்த வீட்டுல யாரு எப்ப வாசிச்சுக் காட்டுறது? அதனால வாசிப்போட பாரம் முழுசும் பள்ளிக்கூடத்து மேல தான்னு ஆரம்பத்துலயே முடிவு பண்ணிட்டோம், வீட்டுல இருந்து எது வந்தாலும் அது லாபம்.

பீரோ

கிளாஸ் மூலையில ஒரு பச்சை கலர் இரும்பு பீரோ. உள்ள நல்ல நல்ல புத்தகம், நேஷனல் புக் டிரஸ்ட்டோட படக்கதைங்க, வாசிப்பு இயக்கத்துல பள்ளிக்கல்வித் துறை குடுத்த சின்னச் சின்ன புத்தகங்க (நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படியா பிரிச்சிருப்பாங்களே, அது தான்), நாலு அஞ்சு வகுப்புக்கு வர்ற ஊஞ்சல் இதழ் கட்டு. சிலது வந்து வருஷக்கணக்கா ஆகியும் முதுகு மடங்காம புதுசு மாதிரியே இருந்துச்சு. சாவி டீச்சரோட ஹேண்ட்பேக்ல. வாரத்துல ஒரு பீரியடு பீரோவ திறந்து ஆளுக்கு ஒண்ணு குடுத்து, பெல் அடிக்கிறதுக்கு முன்னாடி எண்ணி உள்ள வெச்சிடுவாங்க.

இத கேட்டதும் டீச்சர் மேல கோவம் வரும், வரக்கூடாது. ஸ்டாக் ரிஜிஸ்டர்னு ஒண்ணு இருக்கு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் நம்பர், ஆய்வுக்கு வர்றவங்க எண்ணுவாங்க, டீச்சர் டிரான்ஸ்ஃபர் ஆனா சார்ஜ் ஒப்படைக்கணும், குறைஞ்சா அவங்க தான் பதில் சொல்லணும். “எனக்கு மட்டும் ஆசை இல்லையாம்மா? முன்னாடி இருந்த ஸ்கூல்ல சார்ஜ் குடுக்கும்போது புத்தகம் குறையுதுன்னு கைக்காச போட்டு வாங்கி வெச்சுட்டு வந்தேன்”னு அவங்க சொன்னப்ப எனக்கு அந்தப் பூட்டு புரிஞ்சுது. புத்தகம் கிழிஞ்சா கேள்வி கேக்குற சிஸ்டம், புத்தகத்த யாருமே தொடலன்னா கேள்வி கேக்குறது இல்ல.

இதே சென்னையில தான் எஸ்.ஆர். ரங்கநாதன் இருந்தாரு. பிரசிடென்சி காலேஜ்ல கணக்கு வாத்தியாரா இருந்தவரு, 1924ல சென்னைப் பல்கலைக்கழக நூலகரா ஆனாரு, 1931ல நூலகத்துக்கு அஞ்சு விதி எழுதினாரு, அதுல முதல் விதியே புத்தகம் பயன்படுத்துறதுக்குத் தான்னு. ஒரு காலத்துல ஐரோப்பாவுல புத்தகத்த சங்கிலி போட்டு அலமாரியில கட்டி வெச்சிருந்தாங்க, காப்பாத்தி வெக்கிறது தான் நூலகத்தோட வேலைன்னு நெனச்ச காலம் அது, அதுல இருந்து வெளிய வர்றதுக்குத் தான் அந்த முதல் விதி. 1948ல வந்த மெட்ராஸ் பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னாடியும் அவரோட உழைப்பு தான். நாம வீட்டு வரியோட சேத்து நூலக வரி கட்டுறோமே, அது அந்தச் சட்டத்துல இருந்து வர்றது. அவ்வளவு நடந்த ஊர்ல, எட்டு வயசுப் பிள்ளைக்கும் பதினாறு பக்கப் புத்தகத்துக்கும் நடுவுல இன்னும் பூட்டு தொங்குது.

ஹெச்.எம். மேடம் கிட்ட பேசினப்ப அவங்க ஒரு வழி சொன்னாங்க, இந்த மொத்த வேலையிலயும் எனக்கு ரொம்ப முக்கியமா படுறது இது தான். பள்ளி மேலாண்மைக் குழுவ கூட்டி ஒரு தீர்மானம் போட்டாங்க. அரசாங்க சீல் வெச்ச புத்தகம் எல்லாம் கிளாஸ்லயே இருக்கும், ஆனா நாள் முழுக்க வெளிய, பூட்டு கிடையாது, கிழிஞ்சா கிழிஞ்சதுன்னு குழு எழுதிக் கையெழுத்து போடும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போற புத்தகம் தனி, அது நன்கொடையா வந்தது, ஸ்டாக் ரிஜிஸ்டர்ல ஏறாது, பிள்ளைங்களே எழுதுற ஒரு நோட்டுல தான் இருக்கும். குழுவுல முக்கால்வாசி பெத்தவங்க தான், கல்வி உரிமைச் சட்டமே அப்படித்தான் சொல்லுது, தலைவியா இருந்ததும் மீன் விக்கிற ஒரு அம்மா தான். அந்த ஒரு பக்கத் தீர்மானம் டீச்சரோட தோள்ல இருந்த பாரத்த எடுத்து பத்து இருபது பேர் தோள்ல பிரிச்சு வெச்சுடுச்சு. மறுநாளே பீரோ திறந்துடுச்சு.

அந்தக் கூட்டத்துல ஒரு அப்பா எந்திரிச்சு கேட்டாரு, “பாடத்தையே படிக்க மாட்டேங்குறான், இதுல கதை புக்கு எதுக்கு மேடம்?” நியாயமான கேள்வி தான். மேடம் சொன்னாங்க, “நீங்க மனு குடுக்கப் போறீங்களே கலெக்டர் ஆபீஸ், அதுக்கு சிங்காரவேலர் மாளிகைன்னு பேரு, ஏன் தெரியுமா? 1860ல மீனவர் வீட்டுல பொறந்து வக்கீலா ஆனவரு, 1923ல இந்த ஊர் பீச்சுல மே தினம் கொண்டாடினவரு, அவரு வீட்டுல பெரிய லைப்ரரியே வெச்சிருந்தாரு. பாடத்த படிச்சதோட நின்னவருக்கு அவ்வளவு புத்தகம் எதுக்குங்க?” அவரு ஒண்ணும் பேசல, ஆனா அப்புறம் வந்து கையெழுத்து போட்டுட்டுப் போனாரு.

வீட்டுக்குக் குடுக்குற புத்தகம் எங்க இருந்து வந்துச்சுன்னு கேப்பீங்க. சென்ட்ரல் ஸ்டேஷன் பின்னாடி அல்லிக்குளம் காம்ப்ளக்ஸ்ல பழைய புத்தகக் கடைங்க இருக்கே, 1985ல மூர் மார்க்கெட் எரிஞ்சதுக்கு அப்புறம் வந்த கடைங்க, அங்க கோகுலம், அம்புலிமாமா பழைய இதழ் கட்டுக்கட்டா கெடச்சுது. அப்புறம் பிரதம் புக்ஸ் 2015ல ஆரம்பிச்ச ஸ்டோரிவீவர் தளம், அதுல தமிழ்க் கதைங்க நாலு லெவலா பிரிச்சு இருக்கு, இலவசமா இறக்கி பிரின்ட் போட்டுக்கலாம், லைசென்ஸே அப்படித்தான். கலர் பிரின்ட்டுக்கு காசு கட்டுப்படி ஆகல, ஜெராக்ஸ் கடையில கருப்பு வெள்ளையில போட்டு நடுவுல ஸ்டேப்ளர் அடிச்சோம், அதுல எதிர்பாக்காத ஒண்ணு நடந்துச்சு, பிள்ளைங்க படத்துக்கு எல்லாம் கலர் அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. கலர் அடிக்கணும்னா அந்தப் பையனோட சட்டை என்ன கலர்னு கதையில தேடணும்ல, அதுக்காகவே வாசிச்சாங்க.

யாரும் எதுவும் கேக்காத நேரம்

2022 செப்டம்பர்ல ஆரம்பிச்ச முதலமைச்சரோட காலை உணவுத் திட்டத்தால பிள்ளைங்க எட்டு மணி வாக்குல எல்லாம் வந்துடுறாங்க. சாப்பிட்டு முடிச்சு பிரேயர் பெல் அடிக்கிற வரைக்கும் ஒரு இடைவெளி, முன்னாடி அது வராண்டாவுல ஓடிப் பிடிக்கிற நேரம். வயிறு நெறஞ்ச பிள்ளை, யாரும் பாடம் எடுக்காத நேரம், இத விட்டா வாசிப்புக்கு வேற நல்ல நேரம் கிடையாது. ஜன்னலுக்கு ஜன்னல் நைலான் கயிறு கட்டி, துணி காயப்போடுற கிளிப்புல புத்தகத்த அட்டை தெரியுற மாதிரி தொங்கவிட்டோம். அலமாரியில அடுக்கி வெச்சா முதுகு தான் தெரியும், முதுகுல தமிழ்ல எழுதின தலைப்ப வாசிக்கிற அளவுக்கு இன்னும் வராத பிள்ளைக்கு அட்டைப்படம் தான் தலைப்பு. ஓடணும்னு நெனக்கிற பிள்ளை ஓடலாம், கட்டாயம் இல்ல, முதல் வாரம் எல்லாம் நெறைய பேர் ஓடத்தான் செஞ்சாங்க.

ஒரே ஒரு கட்டுப்பாடு, அது பெரியவங்களுக்கு. யாரும் எதுவும் கேக்கக் கூடாது. என்ன படிச்ச, எத்தனை பக்கம் படிச்ச, இந்தக் கதையோட நீதி என்ன, எதுவும் கூடாது. ரெண்டு பக்கம் பாத்துட்டு திரும்பத் தொங்கவிட்டா சரி, அதே புத்தகத்த தினமும் எடுத்தா சரி, வெறும் படம் பாத்தாலும் சரி. டீச்சருக்கு இது தான் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, பழக்கம் அப்படி.

இங்க எண்ணும் எழுத்தும் திட்டத்த பத்தி சொல்லணும். கொரோனாவுல பள்ளி மூடினதால விட்டுப்போன எழுத்தறிவ 2025க்குள்ள எட்டு வயசுக்கு உட்பட்ட எல்லா பிள்ளைக்கும் கொண்டு வரணும்னு 2022 ஜூன்ல ஆரம்பிச்சது, அரும்பு, மொட்டு, மலர்னு மூணு நிலை வெச்சு பிள்ளைக்கு ஏத்த மாதிரி சொல்லிக்குடுக்குறது. நல்ல திட்டம், அதுல வந்த பாட்டும் விளையாட்டும் இல்லன்னா எங்க கிளாஸ்ல பாதிப் பேருக்கு எழுத்தே வந்திருக்காது. ஆனா பிள்ளைங்க கெட்டிக்காரங்க, யாரு எந்த நிலைன்னு அவங்களுக்கு நல்லா தெரியும், “நான் அரும்பு மிஸ், எனக்கு இது வராது”ன்னு ஒரு பிள்ளை புத்தகத்த தொடறதுக்கு முன்னாடியே சொல்லுச்சு. எழுத்து சொல்லிக்குடுக்குற நேரத்துல நிலை பாக்கணும், பாத்தா தான் உதவ முடியும். வாசிச்சு அனுபவிக்கிற நேரத்துல அந்த அளவுகோல ஓரமா வெச்சுடணும். ரெண்டையும் ஒரே மணி நேரத்துல கலந்தா, பிள்ளைக்கு புத்தகம்னாலே பரீட்சைன்னு ஆயிடுது.

மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் டீச்சர் தினமும் ஒரு கதை வாசிச்சுக் காட்டினாங்க. சொல்றது வேற, வாசிக்கிறது வேற, புத்தகத்த கையில வெச்சு அதுல இருக்குறத அப்படியே வாசிச்சாங்க. ஏன்னு விளக்கணும். எங்க ஏரியா பிள்ளை “போய்னு இருந்தான்”னு பேசும், புத்தகத்துல “சென்றுகொண்டிருந்தான்”னு இருக்கும். ஒவ்வொரு எழுத்தா கூட்டி அந்த வார்த்தைய முடிக்கிறதுக்குள்ள அவன் எங்க போனான், யாரு போனான்னே மறந்துடும், முடிச்ச பிறகும் அது அவன் காதால கேட்ட வார்த்தையாவே இருக்காது. அதோட கல், பகல், தங்கம் மூணுலயும் ஒரே க தான், சத்தம் வேற வேற, கேட்டுப் பழகின காதுக்குத் தான் எத எப்படி சொல்றதுன்னு தானா வரும். தினமும் புத்தகத்தோட மொழிய காதால கேட்டுட்டே இருந்தா கண்ணுல பாக்கும்போது அது பழைய சிநேகிதம் ஆயிடுது. ஒரு நாலு மாசம் போச்சு, அதுக்கப்புறம் பாத்தா வெளையாட்டுல கூட “அவர்கள் காட்டுக்குள் சென்றார்கள்”னு ராகம் போட்டு பேசிக்குறாங்க. பழத்த பயம்னு வாசிச்சா டீச்சர் நிறுத்தி திருத்தல, கதை ஓடட்டும், ழகரம் மெதுவா வரட்டும்னு விட்டாங்க, அது சரியான முடிவுன்னு தான் இன்னைக்கும் சொல்வேன்.

வேகத்த பத்தியும் ஒரு வார்த்தை. 2021ல மத்திய அரசு கொண்டு வந்த நிபுண் பாரத் திட்டத்துல மூணாம் வகுப்பு முடிக்கும்போது நிமிஷத்துக்கு 60 வார்த்தையாவது வாசிக்கணும்னு வெச்சிருக்காங்க. வேகம் தேவை தான், எழுத்து எழுத்தா நகர்ற பிள்ளைக்கு கதையில ருசி தெரியாது. ஆனா நம்ம மொழியில வேற்றுமை உருபு, துணைவினை எல்லாம் ஒட்டிக்கிட்டு ஒரு வார்த்தையே அரை வரி நீளும், அதனால வெறும் எண்ணிக்கைய வெச்சு பிள்ளைய எடை போடக் கூடாது. 1986ல கீத் ஸ்டானோவிச்ங்குற ஆராய்ச்சியாளர் சொன்னது எனக்கு எப்பவும் மனசுல இருக்கு: நல்லா வாசிக்கிற பிள்ளை நெறைய வாசிக்கும், அதனால இன்னும் நல்லா வாசிக்கும், வராத பிள்ளை தள்ளிப் போகும், தள்ளிப் போனதால இன்னும் வராது, இடைவெளி வருஷா வருஷம் அகலமாகும். மூணாங்கிளாஸ் தான் அந்த இடைவெளிய சின்னதா இருக்கும்போதே பிடிக்கிற இடம், அஞ்சாங்கிளாஸ்ல ரொம்ப லேட்டு.

ஜன்னல் ஓரத்து பையன்

வாசிக்கச் சொன்னா எந்திரிச்சு நிப்பான், பெஞ்ச நகத்தால சுரண்டுவான், வாய் தொறக்க மாட்டான். அரும்பு நிலை. வீட்டுல நாலாவது பிள்ளை, ஸ்கூல் விட்டதும் அம்மாவோட மீன் கூடைக்குப் போயிடுவான். ஹார்பர்ல நிக்கிற போட்டு பேரு எல்லாம் அவனுக்குத் தெரியும், வாசிச்சு தெரியுமா பாத்து பழகி தெரியுமான்னு எங்களுக்கு சந்தேகம். காலை நேரத்துல ஒரு மாசத்துக்கு மேல கயிறு பக்கமே வரல, யாரும் கூப்பிடவும் இல்ல. ஒரு நாள் கடல்ல மீன் பிடிக்கிற படம் போட்ட புத்தகத்த எடுத்துட்டு நேரா டீச்சர் கிட்ட வந்தான்.

“மிஸ், இது தப்பு மிஸ். நடுக்கடல்ல போய் யாராச்சும் வீச்சு வலை போடுவாங்களா? எங்க நைனா பாத்தா சிரிக்கும்.”

அவன் சொன்னது சரி, வீச்சு வலை கரையோரம் ஆழம் கம்மியான எடத்துல போடுறது. டீச்சர் புத்தகத்த கையில வாங்காம, “அப்படியா? கதையில என்ன வலைன்னு எழுதியிருக்காங்கன்னு பாத்து சொல்லு”ன்னாங்க. அவன் தரையில உக்காந்து விரல வெச்சு வரி வரியா போனான். பிரேயர் பெல் அடிச்சுது, போயிட்டு வந்து திரும்பவும் உக்காந்தான், டீச்சர் விட்டுட்டாங்க. முதல் பீரியடு பாதியில எந்திரிச்சு வந்தான்: “வலையை வீசினார்னு தான் மிஸ் எழுதியிருக்கு, வீச்சு வலைன்னு எழுதல. எழுதினவரு மேல தப்பு இல்ல, படம் வரைஞ்சவரு தான் தப்பு.”

ஒரு முழு புத்தகத்த அவன் தேடித் தேடி வாசிச்சிருக்கான், அதுல எழுத்துக்கும் படத்துக்கும் இருக்குற வித்தியாசத்தையும் கண்டுபிடிச்சிருக்கான். பாராட்டு வாங்கணும்னு அவன் செய்யல. புத்தகத்துக்காரங்கள விட தனக்கு அதிகமா தெரிஞ்ச ஒரு விஷயம் அதுல இருந்துச்சு, அவங்களோட சண்டை போட வந்தான், சண்டை போடணும்னா வாசிச்சே ஆகணும். அதுக்கப்புறம் கடல், மீன், கப்பல் வந்த புத்தகம் எல்லாத்தையும் தப்பு கண்டுபிடிக்கிறதுக்காகவே எடுத்தான், நண்டு கால எண்ணுவான், போட்டுல கொடி எங்க இருக்குன்னு பாப்பான். பிள்ளைங்க வாழ்க்கைக்குப் பக்கத்துல இருக்குற புத்தகம் வேணும்னு எல்லாரும் சொல்றாங்க, அது எதுக்குன்னு எனக்கு அவன பாத்த பிறகு தான் விளங்குச்சு, அந்தப் பிள்ளை அதிகாரத்தோட பேச முடியுற எடம் அது.

பெரிய கிளாஸ்ல வேற சிக்கல். அஞ்சாங்கிளாஸ்ல வாசிக்க வராத பிள்ளைங்க இருந்தாங்க, அவங்களுக்கு ஏத்த புத்தகம் பக்கத்துக்கு ரெண்டு வரி இருக்குறது தான், ஆனா அத கையில எடுத்தா கூட இருக்குறவன் “பாப்பா புக்கு”ன்னு கிண்டல் பண்ணுவான். அதனால “ஒண்ணாங்கிளாஸ் பாப்பாங்களுக்கு வாசிச்சுக் காட்ட ஆள் வேணும்”னு மேடம் அறிவிச்சாங்க. அவ்வளவு தான், ரெண்டு வரி புத்தகம் எடுக்குறது கௌரவமான வேலை ஆயிடுச்சு. சின்னதுங்க முன்னாடி தடுமாறக் கூடாதுன்னு வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் திரும்பத் திரும்ப வாசிச்சுட்டு வந்தாங்க. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு அண்ணனும் அக்காவும் மடியில வெச்சு கதை வாசிக்கிற சுகம், பெரிய பிள்ளைங்களுக்கு வெக்கப்படாம பயிற்சி. காசு செலவு இல்லாத வழி, எந்தப் பள்ளியும் நாளைக்கே ஆரம்பிக்கலாம்.

பரிசு வெக்கலாமேன்னு நன்கொடை குடுத்தவங்க சில பேர் கேட்டாங்க, அதிகம் படிச்ச பிள்ளைக்கு ஜாமெட்ரி பாக்ஸ் மாதிரி. நாங்க வேணாம்னுட்டோம். 1973ல மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட்னு மூணு பேர் அமெரிக்காவுல நர்சரி பிள்ளைங்கள வெச்சு பாத்தாங்க, படம் வரையறதுல ஏற்கனவே ஆசை இருந்த பிள்ளைங்கள்ல சில பேருக்கு ‘வரைஞ்சா சர்டிஃபிகேட் குடுப்போம்’னு முன்கூட்டியே சொல்லி குடுத்தாங்க, அப்புறம் சும்மா விட்டப்ப அந்தப் பிள்ளைங்க மத்தவங்கள விட கம்மியா தான் வரைஞ்சாங்க. பக்கத்துல ஒரு பள்ளியில இத கண்ணால பாத்தேன், பரிசு வெச்ச மாசம் புத்தகம் பறந்துச்சு, காலையில எடுத்து மத்தியானம் திருப்பிக் குடுத்து எண்ணிக்கை ஏத்தினாங்க, பரிசு குடுத்து முடிச்சதும் அலமாரி பக்கம் ஆளே இல்ல.

மழையும் தடைக்காலமும்

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்துச்சு. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடின்னு வடசென்னை முழுக்க தண்ணி, எண்ணூர் பக்கம் தண்ணியோட எண்ணெயும் கலந்து வந்து ஊரே நாறிப்போச்சு. பிள்ளைங்க வீட்டுக்குள்ள முழங்கால் அளவு, அந்த சமயத்துல நெறைய புத்தகம் வீட்டுல தான் இருந்துச்சு. ஸ்கூல் திறந்தப்ப பாதி புத்தகம் ஊறி உப்பிப் போய் வந்துச்சு, சிலது வரவே இல்ல, ஒரு பிள்ளை அழுதுட்டே வந்து “பாய் போச்சு, நோட்டு போச்சு, இத மட்டும் பரண்ல போட்டேன்”னு ஒரு புத்தகத்த குடுத்துச்சு. பழைய முறையில இருந்திருந்தா அன்னைக்கு டீச்சர் கணக்கு பாத்து நடுங்கியிருப்பாங்க. இப்ப தீர்மானம் இருந்ததால குழு கூடி நோட்டுல ‘வெள்ளத்தில் சேதம்’னு ஒரு வரி எழுதி முடிச்சாங்க, ஜெராக்ஸ் கடையில திரும்ப பிரின்ட் போட்டோம்.

கோடை லீவுக்கு பீரோ புத்தகத்த தவிர மத்தது எல்லாத்தையும் பிள்ளைங்க கையில குடுத்து அனுப்பினோம், ஆளுக்கு அஞ்சாறு. கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அப்பாங்க கரையில தான் இருப்பாங்க, வலை பின்னிட்டு போட்டுக்கு பெயிண்ட் அடிச்சுட்டு. வருமானம் இல்லாத கஷ்டமான காலம், அதுல மறைக்க ஒண்ணும் இல்ல, ஆனா வருஷத்துலயே பிள்ளையும் அப்பனும் பகல்ல சேந்து உக்காருற ஒரே காலமும் அது தான். டீச்சர் ஒரே ஒரு வேலை குடுத்தாங்க: அப்பா கிட்டயோ ஆயா கிட்டயோ ஒரு கதை கேட்டு, அவங்க பேசுற மாதிரியே எழுதிட்டு வா, எழுத வரலன்னா அக்கா அண்ணன எழுதச் சொல்லு.

ஜூன்ல வந்த நோட்டுங்கள பாத்து நாங்க அசந்துட்டோம். புயல்ல மாட்டின போட்டு, ஐஸ் ரூம்ல தூங்கிப்போன ஆளு, பர்மாவுல இருந்து கப்பல்ல வந்த கொள்ளுத்தாத்தா, எல்லாம் “நைனா சொல்லுச்சு”ன்னு எங்க தெரு மொழியிலயே. ஜன்னல் ஓரத்து பையனோட அப்பா எத்தனை வகை வலைன்னு சொல்லச் சொல்ல அவனே எழுதி படமும் வரைஞ்சிருந்தான். இந்தக் கதைங்கள பெரிய எழுத்துல டைப் பண்ணி, படம் வெச்சு, தெச்சு, அதே கயிறுல தொங்கவிட்டோம். நியூசிலாந்துல சில்வியா ஆஷ்டன் வார்னர்னு ஒரு டீச்சர் மாவோரி பிள்ளைங்க கிட்ட அவங்களுக்கு வேணும்னு கேக்குற வார்த்தைய அட்டையில எழுதிக் குடுத்து அதுல இருந்தே வாசிக்க வெச்சாங்க, அந்த வழி தான் இதுவும். மத்த எந்தப் புத்தகத்த விடவும் சீக்கிரம் கிழிஞ்சது இந்தப் புத்தகங்க தான், சீக்கிரம் திரும்ப பிரின்ட் போட்டதும் இது தான்.

நகராதது

எல்லாரும் மாறிட்டாங்கன்னு சொன்னா அது பொய். கதை கேக்க உயிரக் குடுக்குற ஒரு பொண்ணு, வாசிக்க உக்காந்தா பத்து நிமிஷத்துல தலைவலின்னு படுத்துடும். சோம்பேறின்னு பேர் வாங்கியிருந்துச்சு. பள்ளிக்கு வர்ற மருத்துவக் குழு கண்ண பாத்தப்ப தான் பவர் இருக்குறதே தெரிஞ்சுது, கண்ணாடி வந்த பிறகு தலைவலி நின்னு போச்சு. வாசிக்க மாட்டேங்குதுன்னு ஒரு பிள்ளைய முடிவு கட்டுறதுக்கு முன்னாடி கண் டெஸ்ட் பண்ணுங்க, இத கெஞ்சிக் கேக்குறேன். இன்னொரு பையனுக்கு கண்ணும் நல்லா இருந்துச்சு, காதும் நல்லா இருந்துச்சு, வருஷம் முழுக்க உக்காந்தும் எழுத்து நிக்கல, டிஸ்லெக்ஸியாவா இருக்கலாம்னு பாக்க அனுப்பியிருக்கோம், மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் மாதிரி இதுக்குன்னே வேலை செய்யுறவங்க நம்ம ஊர்லயே இருக்காங்க. அவனுக்கு டீச்சர் வாசிச்சுக் காட்டுறது நிக்கவே இல்ல, கதை கேக்குற உரிமைக்கு எழுத்து தெரிஞ்சிருக்கணும்னு சட்டம் இல்லையே.

இந்தி பேசுற பிள்ளைங்களுக்கு நாங்க பெருசா ஒண்ணும் செய்யல, இரண்டு மொழி புத்தகம் சிலது தான் இருந்துச்சு. அதுல ஒரு பையன் பொங்கலுக்கு முன்னாடி குடும்பத்தோட ஊருக்குப் போனவன் திரும்பல, அவன் எடுத்த தமிழ்ப் புத்தகமும் பீகாருக்குப் போயிடுச்சு, நோட்டுல அந்த வரிய அடிக்க வேணாம்னு பிள்ளைங்களே சொன்னாங்க.

2024 ஜூன்ல அந்தப் பிள்ளைங்க நாலாங்கிளாஸ் போனாங்க. புது டீச்சர் முதல் வாரத்துலயே தீர்மானத்த காப்பி எடுத்து தன் கிளாஸ் பீரோவுக்கும் சேத்து எழுதித் தரச் சொல்லி மேடம் கிட்ட குடுத்தாங்க. ஒண்ணு ரெண்டு வகுப்புக்கு பக்கத்துக்கு ஒரு வரி, பெரிய எழுத்துன்னு இருக்குற புத்தகம் ரொம்ப கம்மியா இருக்கு, தெலுங்கு தமிழ் சேந்த புத்தகமும் வேணும். இந்த ஏரியா டீச்சருங்க யாராவது தீர்மானத்தோட வாசகம் வேணும்னா கேளுங்க, ஒரு பக்கம் தான், உங்க குழுவுக்கு ஏத்த மாதிரி மாத்தி எழுதிக்கலாம்.